எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், வீடு நலம், நீ அனுப்பிய சாமான்களின் புண்ணியத்தில் கணினி எங்கள் இருவரையும்விட நலம். அங்கே உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் உன் ஊர் மழையைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். மின்னஞ்சலில் தட்டலாம் என்றால் இந்த விஷயத்தை அந்தக் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்து எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் பேனா. கொஞ்சம் பொறுமையாகப் படி. முக்கியமானதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வகுப்பிலேயே உண்டு, மணி அடித்துவிடும் என்று தெரிந்தும்.

உன் அம்மா உன் அண்ணன் வீட்டிலிருந்து வியாழக்கிழமை பேசினாள். பேரப்பிள்ளைகளை ஆறு மாதம் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன் என்று போனவளுக்கு இது பதினாறாவது மாதம். இரட்டைப் பிள்ளைகள், ஆளுக்கு ஆறு மாதம் என்று வைத்தாலும் நாலு மாதம் கூடிவிட்டதே என்று கேட்டேன், வாத்தியார் வேலையை விட்டாலும் வாத்தியார் கணக்கு உங்களை விடாது போல என்று சிரித்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், நான் பதில் சொல்வதற்குள் போன் பிள்ளைகள் கைக்குப் போய்விடும், அவர்கள் ஒரு கூச்சல் போட்டுவிட்டு அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவார்கள். நான் இந்தப் பக்கம் சாப்பிட்டேன் என்று சும்மா காற்றில் சொல்லிவிட்டு வைப்பேன். அவளைக் குறை சொல்லவில்லை, முழங்கால் வலியோடு இரண்டு வால்களின் பின்னால் ஓடுகிறாள். சமையல் எனக்குப் பழகிவிட்டது. ஒருவருக்கு மட்டும் சமைப்பதுதான் இன்னும் கைக்கு வரவில்லை, எதை வைத்தாலும் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது. போன வாரம் மின்சார மீட்டர் பார்க்க வந்தவருக்கு அந்த மீட்டர் எப்படிச் சுற்றுகிறது என்று கால் மணி நேரம் விளக்கம் சொன்னேன். சார், இன்னும் நாற்பது வீடு இருக்கு சார் என்று கெஞ்சிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன், அந்த வாரத்தில் நான் பேசிய நீளமான பேச்சே அதுதான்.

இனிக் கணினி. முதல் வேலையில் உன் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கணினியை நீ தூக்கிக்கொண்டு வந்தபோது, இதை எதற்கு அம்மாடி குப்பையை வீட்டுக்குள் கொண்டுவருகிறாய் என்று கேட்டவன் நான். இன்று அதுதான் எனக்குத் துணை. வகுப்புக் குழுப் படங்களை ஸ்கேன் செய்து பூஞ்சைப் புள்ளிகளை எடுக்க ஆரம்பித்ததிலிருந்து அது திணறியது உனக்குத் தெரியும். ஒரு படம் திறப்பதற்குள் நான் டீ போட்டுக் குடித்துத் தம்ளரையும் கழுவி வைத்துவிடுவேன். ஏன் என்று நீ சொல்லிக்கொடுத்ததை நான் எனக்கு இப்படி வைத்துக்கொண்டேன்: ஹார்ட் டிஸ்க் என்பது நூலக அலமாரி, ரேம் என்பது நாம் உட்காரும் மேசை. அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேசை சின்னதாக இருந்தால் நாலு புத்தகத்துக்கு மேல் விரிக்க முடியாது, ஒன்றை மூடினால்தான் இன்னொன்று. உனக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்லிப் பார்த்தால்தான் எனக்குப் புரிந்த மாதிரி இருக்கிறது.

நீ அனுப்பிய பெட்டி வந்ததும் கடைத்தெருவிலிருந்து ஸ்குரூ அக்கா வந்தார். கணினி பழுது பார்ப்பவர், கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும், அதனால் தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னத் தலையணைக்கு ஆகும் அளவுக்குத் தூசி. சார், இதோட பாதி வேகத்தைத் தூசியே தின்னுருக்கு என்றார். சாமியார் எலிக்குப் பயந்து பூனை வளர்த்த கதை உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, பூனைக்குப் பால், பாலுக்கு மாடு, மாட்டுக்கு ஆள் என்று போகுமே, அதே கதைதான் உன் பட்டியலும். படம் வேகமாகத் திறக்க எஸ்எஸ்டி என்னும் புது வேக அலமாரி, அது மட்டும் போதாது என்று ரேம், புது ரேம் பழைய மதர்போர்டில் உட்காராது என்று புது மதர்போர்டு, அதற்கு ஒரு பிராசஸர், இத்தனைக்கும் தீனி போட புது பவர் சப்ளை. கடைசியில் பழையதில் மிச்சம் திரை, விசைப்பலகை, நீ பூனைப் படம் ஒட்டிய அந்தக் கேபினெட். அதையும் மாத்திடலாமா சார் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. பழைய மதர்போர்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார், சார், எல்லா இடத்துலயும் தூசி விரல்கடை ஏறிக் கிடக்கு, இந்த ஒரு ரேம் இருக்கிற இடம் மட்டும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கே, மாசாமாசம் யாரோ கழட்டி மாட்டின மாதிரி என்று. லூஸாகிவிடும், என் மகள் மாட்டச் சொல்லுவாள் என்றேன். அவர் அந்த ஸ்லாட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தார். இது லூஸே இல்ல சார், பூட்டு கெட்டியா இருக்கு என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளின் வயிற்றுவலியைப் பார்த்தவன் நான். உண்மையாகவே வலிக்கிற பிள்ளை தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பொய் வலிக்காரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு முனகுவான். அதை வைத்தே எத்தனை பேரைப் பிடித்திருப்பேன். அன்று அந்த அறையில் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்தான் அம்மாடி.

முதல் தடவை அது உண்மையாகவே கழன்றிருந்தது, பெருக்குவதற்காக மேசையை நகர்த்தியபோது. போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணினி நகரவே இல்லை என்று உன்னிடம் சொன்னேன், நீ அங்கிருந்தே இணையம் வழியாகக் கணினிக்குள் வந்து பார்த்தாய். என் கை மவுசில் இல்லை, ஆனால் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. நீ வந்துவிட்டேன் என்று காட்டுவதற்காக அதை ஒரு வட்டம் சுற்றினாய், சின்ன வயதில் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் கூடத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வருவாயே, அப்படி. அப்பா, எட்டு ஜிபி இருக்க வேண்டிய இடத்துல நாலுதான் காட்டுது, ரெண்டுல ஒரு ரேம் லூஸாயிருக்கு, பயப்படாம மூடியைத் திறங்க என்றாய். எப்படித் திறப்பது, இரண்டு பக்கத் தாழ்ப்பாளை எப்படி அழுத்துவது, டக் என்று சத்தம் வரும்வரை எப்படி அமுக்குவது, எல்லாம் நீதான் சொல்லிக்கொடுத்தாய். சரியானதும் உடனே நீ போய்விடவில்லை. வந்ததுக்கு உங்க படத்தைப் பார்ப்போம் என்று நீ என்னிடம் படித்த வருடத்து வகுப்புப் படத்தைத் திறந்து, ஒரு முகத்தின் மேல் இருந்த புள்ளிகளை நீயே எடுத்துக் காட்டினாய். ஒரு மணி நேரம், கணினி இருக்கும் உன் பழைய அறையில் நீ இருந்தாய். அதற்கு அடுத்த ஞாயிறு கணினி ஒழுங்காக ஓடியது, நீயும் ரெண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிட்டாய். அதற்கும் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நான் மூடியைத் திறந்தேன்.

பதினோரு தடவை. எண்ணி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு நீ உள்ளே வருவாய், வட்டம் சுற்றுவாய், எட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு என்பாய், நான் ஐயோ மறுபடியுமா என்பேன். குனிந்து மாட்டுவேன். பிறகு ஒரு மணி நேரம் நீயும் நானும் வரிசை வரிசையாக முகங்களைத் துடைப்போம். பின்வரிசை முடிந்தது, தரையில் உட்கார்ந்தவர்கள் முடிந்தார்கள். இவன் இன்னும் கடன் வாங்கின ரப்பரைத் திருப்பித் தரல என்று ஒருவனைக் காட்டிச் சொன்னாய், வகுப்பில் வாய் தவறி நீ என்னை அப்பா சார் என்று கூப்பிட்டு அதுவே பள்ளி முழுக்க எனக்குப் பெயராகிப் போனதை நினைத்து இருவரும் சிரித்தோம். நான் சொன்ன பொய்யை நீ நம்பினாய். நம்பியதால்தான் கவலைப்பட்டாய். ஸ்லாட்டே போயிடுச்சு போலப்பா, இந்த வயசுல நீங்க மேசைக்கு அடியில குனிஞ்சுட்டே இருக்க வேணாம், மொத்தமா மாத்திடலாம் என்றாய். கெடாத ஒன்றுக்காக உன் விடுமுறை நாளை எல்லாம் செலவழித்துப் பொருத்தம் பார்த்து வாங்கி அனுப்பினாய். மாட்டி முடித்த அன்று, இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காதுப்பா என்றாய். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். தன் வினை தன்னைச் சுடும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன்தானே.

நீ சொன்னபடியே ஒரு தொந்தரவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் படம் திறந்துவிடுகிறது. முன்பு ஒரு நாள் இழுத்த வேலை இப்போது காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஒரு நாள் முழுதாகக் கிடக்கிறது. மெதுவான கணினியில் ஒரு வசதி இருந்தது அம்மாடி, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியும். புதிதாகப் போட்ட மென்பொருளில் மங்கிய முகத்தைத் தானாகத் தெளிவாக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. நம் படத்தில் உன் முகம் மட்டும் கலங்கியிருக்கும், படம் எடுக்கிற நொடியில் நான் எங்கே நிற்கிறேன் என்று நீ தலையைத் திருப்பிவிட்டாய். அதில் அந்த வித்தையைப் போட்டுப் பார்த்தேன். கண், மூக்கு, பல்வரிசை எல்லாம் எண்ணி வைத்த மாதிரி ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். லட்சணமாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் யாரோ. என்னைத் தேடித் திரும்பியவள் அவள் இல்லை. உடனே அழித்துவிட்டு உன் கலங்கலையே திரும்பக் கொண்டுவந்தேன். அந்த இரண்டாம் வரிசையை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், உன்னோடு சேர்த்து நாலு முகம் பாக்கி.

ஆறு ஞாயிறு போய்விட்டது. நீ போன் செய்யாமல் இல்லை, வாரம் தவறாமல் செய்கிறாய், கணினி எப்படிப்பா ஓடுது என்கிறாய், நன்றாக ஓடுகிறது என்கிறேன், அப்புறம் மழை. உனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, எனக்குத் தெரியாதா. போன சனிக்கிழமை சாயங்காலம் பக்க மூடியைத் திறந்தேன். புது மதர்போர்டிலும் ரேம் இரண்டுதான். தாழ்ப்பாளின் மேல் விரலையும் வைத்துவிட்டேன். உள்ளே தூசி இல்லை, எல்லாம் பளபளவென்று இருக்கிறது, இனி எங்கே கை வைத்தாலும் எந்தத் திருப்புளிக்காரருக்கும் தெரியாது. அப்படித் தோன்றியதுதான் என்னைச் சுட்டது. மூடியை மாட்டிவிட்டு முற்றத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன், வந்து இந்தத் தாளை எடுத்தேன், எழுதிக் கிழித்து எழுதி முடிக்க ஒரு வாரம் ஆகிவிட்டது.

ஸ்குரூ அக்கா அன்று என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டேன். நான் எதுக்கு சார் சொல்றேன், எங்கம்மா தையல் மெஷின் பெல்ட்டை மாசம் ஒரு தடவ கழட்டி வெச்சுட்டு அறுந்துபோச்சுன்னு போன் பண்ணும், நானும் போயி மாட்டிட்டு ஒருவேளை சாப்பிட்டுட்டு வருவேன் என்றார். அறுந்த பெல்ட்டு வளையமாவா இருக்கும், எங்கம்மாவுக்கு அது தெரியாது என்று சிரித்துக்கொண்டே திருப்புளியைக் கொண்டையில் செருகிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு மகள் பத்துத் தெரு தள்ளி இருக்கிறாள். எனக்கு அந்த யோகம் இல்லை, அதனால் என் பெல்ட்டை நானே காட்டிவிடுகிறேன். கழற்றிக் கழற்றி மாட்டிய அந்தப் பழைய ரேமை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள், பொய் சொன்ன பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றியவன்தான் நான், எனக்கு மட்டும் சலுகை வேண்டாம். பதில் எழுத வேண்டும் என்றுகூட இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், வாத்தியாராக இல்லை, அப்பா சாராகவும் இல்லை, வெறும் அப்பாவாக. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கணினியைப் போட்டுவிட்டு மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். நேரம் இருக்கும் ஞாயிற்றில் வந்து அம்புக்குறியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போ. வேலை இருந்தால் சுற்றிவிட்டு உடனே போய்விடு, நான் எதுவும் நினைக்க மாட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டே சாப்பிடாதே, திரையைப் பார்த்துக்கொண்டும் சாப்பிடாதே. கழுத்து வலி என்றாயே, நாற்காலியின் உயரத்தைச் சரிபார். குடையைப் பேருந்தில் விட்டுவிடாதே, இது மூன்றாவது குடை என்று உன் அம்மா சொன்னாள். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, மனம் நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இரு அம்மாடி.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா

பின்குறிப்பு: கணினியில் ஒரு பழுதும் இல்லை. எட்டு இருந்த இடத்தில் இப்போது பதினாறு காட்டுகிறது. இருந்தாலும் வா.