சிரிக்காத ஜமீன்தார் சொன்ன ஒரு வரி

அக்கா,

தாமிரபரணி மேல் ஆணையாக, ஒருத்தரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். இன்று தச்சநல்லூர் பழைய பேப்பர் கடையில் ஏதோ ஒரு தொடர்கதை பைண்டைப் பிரித்தேன். மைதாப் பசை வாடை அடித்தது. அவ்வளவுதான், தொண்ணூறுகளில் நீ கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் நின்றுவிட்டேன்.

இனி நாள்கணக்குத்தான் என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். அழவில்லை. மொத்தமாகப் படிக்க வேண்டும் என்று வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, மைதாப் பசை தடவித் தைத்து வைத்திருந்த ராஜா காலத்துக் கதையைக் கொண்டுவரச் சொன்னாய்.

"முடிவு தெரியாமப் போவக் கூடாதுலே. நீ வாசி."

கதாநாயகன் இளைய ஜமீன்தார். அவன் கடைசியாகச் சிரித்தபோது ஸ்ரீவைகுண்டம் அணையே கட்டியிருக்கவில்லை என்று நான் அளந்துவிட்டேன். கதாநாயகியான வைத்தியர் மகள் அவனைப் பக்கத்துக்குப் பக்கம் கேலி பேசி வாரிவிடுவாள். வலியோடு வலியாக நீ சிரிப்பாய்.

"அப்பிடியே உங்க அத்தாம்லே. வாயத் தெறந்தா வம்சப் பெருமை கொட்டிப் போயிரும்."

அத்தான் வார்டுக்கு வெளியே தூணோரம் நின்றிருந்தார். நாலு பேர் முன்னால் மனைவியிடம் பேசுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

கடைசி அத்தியாயத்தைத் திருப்பினால், தாளே இல்லை. பின்பக்கம் மாவடு ஊறுகாய்க் குறிப்பு இருந்ததென்று உன் நாத்தனார் எப்போதோ வெட்டி எடுத்திருக்கிறாள். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. வாசிப்பதுபோலவே புளுகினேன். ஜமீன்தார் நாற்பது யானைகளோடு ஆற்றைக் கடந்தான். யானைகள் குடித்த குடியில் ஆறு வற்றியது.

"யானைய விடுலே. அவகிட்ட என்ன சொன்னான்?"

தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வெளியே போனேன். திரும்பி வந்து வாசித்தேன்: "நீ இல்லாத அரண்மனைக்குள் நுழைய எனக்குப் பயமாக இருக்கிறது."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "இன்னொரு தரம் வாசி."

வாசித்தேன்.

"கதையிலதாம்லே ஆம்பள இப்பிடிப் பேசுவான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் காலை நீ இல்லை.

யானை பொய், அக்கா. ஆறு வற்றியது பொய். அந்த ஒரு வரி மட்டும் நெசம். தண்ணீர் குடிக்க வெளியே போனபோது, தூணோரம் நின்ற அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவ இல்லாம வீட்டுக்குள்ள போவப் பயமா இருக்குவே. அவகிட்ட சொல்லிராதேயும்."

ஆயுசு பூராவும் பொய்யாகவே பேசித் திரிந்த நான், அன்றைக்குப் பார்த்து அத்தானுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.