ஐந்து நாற்பது கோச்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? எங்கள் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு நாள். ஒரு கோச்சியும் ஓடவில்லை. திங்களுக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடுமாம்.

நேற்று வெள்ளவத்தை ஸ்டேஷன் முன்னால் நின்று கோஷம் போட்டோம். சரியாக மாலை ஐந்து நாற்பதுக்கு, வழக்கமாகக் கோச்சி கடந்து போகும் நேரம், எல்லோரும் பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டோம். ரயில்வே கேட் காக்கும் சிங்கள அண்ணன் நிஹால் அய்யே, தம்பி என்பதைத் தன் மொழியில் சொல்லி, "மல்லி, கோச்சி போகட்டும், பிறகு கத்துவம்" என்றார். தண்டவாளம் வெறுமையாகத்தான் கிடந்தது. ஆனால் எங்கள் பதாகைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தன. உடனே விட்ட பாதிச் சொல்லிலிருந்தே கோஷத்தைத் தொடர்ந்தோம்.

பயப்பட ஒன்றுமில்லை. மிளகாய்த்தூள் கொஞ்சம் பஸ்ஸில் போட்டுவிடுங்கள். இன்னொன்று, வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்: தினமும் ஐந்து நாற்பதுக்கு எனக்குப் போனில் கோல் எடுங்கள். அந்த நேரம் யாராவது கதைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவசரத்தில்,
கோபிதரன்