ரங்கூனுக்குக் கொண்டுபோன குரு

3.11.84, சனி
காலையிலிருந்து தூறல். வாங்க வேண்டியவை: அரிசி, சவர்க்காரம், கம்பளிக் காலுறை.

ரெஸ்டோரண்டில் என்னோடு கோப்பை கழுவும் சீக்கியன் குல்வந்த் இன்று ஒரே கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினான். பிரதமரைச் சுட்டுக் கொன்றதற்குப் பழியாக டில்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடி எரிக்கிறார்களாம். அவன் தம்பி அங்கே. செய்தி இல்லை.

அறையில் கூட இருக்கும் சிவம் அண்ணையிடம் சொன்னேன். “போன வருசம் கொழும்பிலை எங்கட தமிழருக்கு நடந்ததுதான். அவனைத் தனிய விடாதை” என்றார்.

5.11, திங்கள்
குளிர். கை வெடிப்பு. வேலை முடிந்து லா சப்பல் தெருவில் தேநீர்.

குல்வந்த் பணப்பையிலிருந்து ஒரு படம் எடுத்தான். வெள்ளைத் தலைப்பாகை, வெண்தாடி. சீக்கியரில் அவர்கள் பிரிவின் குரு. நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரனின் துணி, கோர்ட், தபால் எதுவும் வேண்டாம் என்றவர். கடிதங்கள்கூடக் கைமாறித்தான் போகுமாம். சீடர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அதில் ஒருவர் குல்வந்தின் பாட்டனாரின் அப்பா. குருவை ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். திரும்பவில்லை.

“செத்துப்போனார் என்று வெள்ளைக்காரன் சொன்னான். நாங்கள் நம்பவில்லை. வருவார்” என்றான். அரைகுறைப் பிரெஞ்சில். சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு.

7.11, புதன்
தம்பி உயிரோடு! லண்டன் மாமா போன் செய்தாராம். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் ஒளித்து வைத்தது. தலைமுடியையும் தாடியையும் வெட்டி, தங்கள் மகன் என்று சொல்லிக் காப்பாற்றியது.

குல்வந்த் முகத்தில் சந்தோசம் இல்லை. “தலையைக் கொடுத்தவர்களின் வம்சம். இவன் முடியைக் கொடுத்துவிட்டான்.”

சாப்பிடவில்லை. போன வருசம் கொழும்பில் என் அக்கா பொட்டை அழித்துவிட்டு பஸ் ஏறியதைச் சொன்னேன். “இப்போது வைக்கிறாளா?” என்று மட்டும் கேட்டான். ஓம், வைக்கிறாள்.

10.11, சனி
வெயில், ஆனால் குளிர். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தபால் கந்தோர். டில்லிக்கு லைன் கிடைக்க வெகு நேரம். கண்ணாடிக் கூண்டுக்குள் குல்வந்த். வெளியே நான்.

முதலில் தம்பியிடம் சத்தம் போட்டான். பிறகு கேட்டுக்கொண்டே நின்றான். கண்ணாடியில் நெற்றியை முட்டுக் கொடுத்து அழுதான்.

வெளியே வந்ததும், “என்னவாம்?” என்றேன்.

“குரு வந்தால் இந்தத் தலையோடு எப்படி முன்னால் நிற்பேன் என்கிறான்.”

“நீ?”

“அவர் வரும்போது நிற்க நீ இருக்கிறாயே, அது போதும் என்றேன்.”

மூக்கைத் துடைத்தான். பசிக்கிறது என்றான்.