ஈர்க்கப்பட்டவருக்கு ஒரு பதில்

பெரியவளின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போன தையில் வீட்டை விட்டுப் போனபோது, "அவளால் ஈர்க்கப்பட்டேன்" என்று எழுதி வைத்தீர்கள். இப்போது, "மறுபடியும் உன் பக்கமே ஈர்க்கப்படுகிறேன்" என்கிறீர்கள். நல்ல வார்த்தை கண்டுபிடித்தீர்கள். நீங்களாக எதையுமே செய்யாத மாதிரி இருக்கிறது.

நேற்று பக்கத்துக் கழனியில் கரும்பு லோடு ஏற்றிய டிரெய்லர் சேற்றில் புதைந்துவிட்டது. இரண்டு டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். அதற்கு வேறு வழியில்லை, பாவம். நீங்கள் அப்படியா போனீர்கள்? மீசைக்கு டை அடித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வெள்ளிமலை பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய் நின்றீர்கள். அந்த டையை வாங்கி வந்தவள் நான்தான். அதை விடுங்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டுப் பெரியவள் கேட்டாள்: "அப்பா இன்னாம்மா, சேத்துல மாட்டுன டிரெய்லரா? ஆளாளுக்கு இழுத்துக்கினு போறதுக்கு?"

நம் கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து உத்தரவு வந்து நான்கு நாள் ஆகிறது. உங்கள் கடிதத்தில் போட்டிருப்பது அதற்கு மறுநாள் தேதி. மலைக்கு மேலேயும் செய்தி சீக்கிரம்தான் வந்து சேருகிறது.

ஒன்று மட்டும் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. நீங்கள் போன பிறகு நட்ட கரும்பு அது. நட்டதுமே ஆலையில் என் பெயரில் பதிந்துவிட்டேன். உத்தரவும் என் பெயருக்குத்தான் வந்திருக்கிறது. கரும்புப் பணமும் அப்படித்தான் வரும்.

இதைப் படித்த பிறகும் ஈர்த்தால், பஸ் ஏறுங்கள்.

இப்படிக்கு,
டை வாங்கி வந்தவள்