இடது பெடல்

என் சின்னவளுக்கு,

நீ திட்டுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாம் சேர்ந்து புதுப்பித்துக்கொண்டிருந்த பச்சைக் காரில் கை வைத்துவிட்டேன். "பிரிட்டன்ல அன்னிக்கு எப்படிச் செஞ்சாங்களோ அப்படியே இருக்கணும். ஒரு திருகாணிய மாத்தினாலும் உங்ககூடப் பேச மாட்டேன்பா" என்று நீ மிரட்டினாயே, அதே ஸ்போர்ட்ஸ் கார்தான்.

கிளட்ச் பெடலைக் கழற்றிவிட்டேன். இப்போது கியர்த் தண்டிலேயே கிளட்சுக்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. இடது காலுக்கு வேலையே இல்லை.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அவ வந்து உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கப்போறா" என்றாள்.

"ஆக்கட்டுமே. அதுக்காவது வரட்டும்."

அதன் பிறகு அவளே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பள்ளியில் என் வகுப்புக்கு இடக்கைப் பிள்ளை ஒன்று வந்தால் மேசையைத்தான் மாற்றிப் போடுவேன், பிள்ளையை மாற்ற மாட்டேன். காரும் ஒரு மேசைதானே!

மருத்துவமனையிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். காரைப் பார்த்தால் தாங்காது என்று சொன்னாயாம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி. பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு திருகைத் திறந்து மூட வேண்டும். "நான் மிதிக்கிறேனே" என்று அம்மா வந்தாள். நீ பாதியில் விட்ட வேலை, நீதான் முடிக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்கு வலது கால் போதும். நான் சக்கரத்தடியில் படுத்திருப்பேன். நீ அழுதால்கூட அங்கிருந்து எனக்குத் தெரியாது.

காத்திருக்கும்,
அப்பா