கமலா மாஷி வடை பர்கர்

செப்டம்பர் 8, திங்கள்

நந்திதாவின் ஆள் வந்து கையெழுத்து வாங்கிப் போனான். சமையல் வீடியோ போட்டே எண்பது லட்சம் ரசிகர்களைச் சேர்த்த பெண். அவளுடைய ‘ஜால் பர்கர்’, அதாவது கார பர்கர், இனிமேல் காளிகாட்டில் என் இட்லிக் கடை அடுப்பிலிருந்துதான் போகும். உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. போனில் கேட்டால் வீட்டுக்குப் போகும். முந்நூறு ஹோட்டல் பார்த்துவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். அவன் முப்பது என்றான். அவனுக்கென்ன தெரியும்.

ஒரே நிபந்தனை. கம்பெனி கட்லெட்டைத் தவிர வேறெதுவும் பன்னுக்குள் போகக் கூடாது. போனால் அன்றே ஒப்பந்தம் ரத்து.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வாத்தியாரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது, அதனால்.

செப்டம்பர் 17, புதன்

டப்பா முழுக்க நந்திதா முகம். டெலிவரிக்காரர்களுக்கு என் பெயர்கூடத் தெரியவில்லை. “ஜால் பர்கர் ரெடியா?” என்கிறார்கள்.

இட்லிக்கு ஆள் வருவது நின்றேவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. பர்கரும் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 30, செவ்வாய் – துர்கா பூஜை அஷ்டமி

என் மனைவி கமலம் என்னைக் கொன்றுவிட்டாள்!

இன்று அவளுக்கு விரதம். கட்லெட்டில் வெங்காயம் இருக்கிறதாம். காலையிலேயே அத்தனை பெட்டியையும் தூக்கிப் பக்கத்து ரோல் கடை ரபீக் பாயின் ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். அந்த ஃப்ரீசர் முழுக்கக் கோழி! எடுத்துவரப் போனேன். கமலம் மறித்தாள்.

“கோழியோட கிடந்தது என் அடுப்படிக்குள்ள வராது. சொல்லிப்புட்டேன்.”

“ஏட்டி, ஆர்டர் குவியுதே! பன்னுக்குள்ள என் தலையையா வைக்க?”

“அதை யாரு திம்பா? வடை இருக்கு, வைங்க.”

வெங்காயம் போடாத மசால் வடை, அவள் விரதத்துக்குச் சுட்டது. வைத்தோம். வேறென்ன செய்ய? முதல் வடை கை தவறி விழுந்தது. அவள் கைதான் என்று எழுதலாமா? இல்லை, என் கை.

பூஜை லீவில் வீட்டிலிருந்த அண்ணன் மகள் பூர்ணிமா போனைப் பார்த்துக் கத்தினாள். “சித்தப்பா, அஞ்சு ஸ்டார்! அஷ்டமிக்கு நிராமிஷ் பர்கர்னு எல்லாருக்கும் ஷேர் பண்றாங்க!” நிராமிஷ் என்றால் சைவம்; வங்காளிகளும் இன்று வெங்காயம் பூண்டு தொட மாட்டார்களே! துர்கைக்குப் புஷ்பாஞ்சலி முடித்துப் பசியோடு வந்தவர்களுக்கு வெங்காயமில்லாத வேறு பர்கரே ஊரில் இல்லை. மூன்று மணிக்குள் இருநூற்றுப் பதினொன்று. ஆயிரம் என்றே ரபீக்கிடம் சொன்னேன்.

நாலு மணிக்கு வாசலில் நந்திதா. போட்டோ பார்த்து நேராகவே வந்துவிட்டாள்.

“என் பன்னுக்குள்ள இதை வச்சது யாரு, காகு?”

காகு என்றால் சித்தப்பா. ஆனாலும் தொலைந்தோம். இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்தி “நான்தான்” என்றேன். திட்டு விழுந்தால் எனக்கு விழட்டும் என்று. சத்தியமாக.

“அப்போ என் முன்னாடி ஒண்ணு தட்டுங்க.”

தட்டினேன். எண்ணெயில் விழுந்ததும் உதிர்ந்து போனது. கமலம் என்னை நகர்த்திவிட்டு உள்ளங்கையில் ஒன்று தட்டிப் போட்டாள். நந்திதா நின்றபடியே நாலு சாப்பிட்டாள். காலையிலிருந்து அவளும் பட்டினியாம். கமலத்தைச் சித்தியாக்கி, “மாஷி, இது தினமும் வேணும்” என்றாள்.

ரத்து இல்லை!

அக்டோபர் 3, வெள்ளி

கல்கத்தாவில் நந்திதாவின் பதினாலு சமையலறைக்கும் கமலம் போய் வடை தட்டக் கற்றுத்தர வேண்டுமாம். கார் அனுப்புகிறார்கள். அந்த யோசனை என்னுடையது. என் மனதில்தான் முதலில் தோன்றியிருக்கும்.

அக்டோபர் 24, வெள்ளி

புது டப்பா வந்தது. ‘கமலா மாஷி வடை பர்கர்’. நந்திதா படம் சின்னது, கமலம் படம் பெரியது. மூக்குத்தி மின்னுகிறது.

“உங்க பேரு இல்லையேங்க. வருத்தமா?” என்றாள்.

“சேச்சே, நான்தானே வேண்டாம்னேன்.”

மாலையில் ஒரு டெலிவரிக்காரர் வந்தார். புது ஆள். “மாஷி வீடு இதுதானே? நீங்க யாரு, காகு?”

“மாஷியோட வீட்டுக்காரர்” என்றேன்.

வண்டியை விட்டு இறங்கி வணக்கம் வைத்தார். இன்று மட்டும் ஏழு பேர் அப்படி வைத்தார்கள்.

சரி, ஒருவர்தான்.