நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரல்

என் வெட்டுக்கிளி அக்காவுக்கு,

போனவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நான் நம்புவதில்லை. உனக்குப் படையல் வைத்த அன்று காகம் வரவில்லையே என்று அத்தான் கலங்கி நின்றபோது, "மழை இப்படி ஊத்துது, அது எப்படி வரும்?" என்று கேட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். ஆனாலும் இந்தச் செய்தியை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் விளங்கும்.

அக்கா, நான் ஒரு புதுச் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். அது எனக்கு அளவாக இருக்கிறது.

சிரிக்காதே. அளவு என்றால் என்னவென்று நம் இருவருக்கும் தெரியாது. ரப்பர் ஸ்டோரில் வேலை செய்த அப்பா, நம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரு பச்சைச் சைக்கிளைக் கொண்டுவந்தாரே, ஞாபகமிருக்கிறதா? தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பாலம் வரை நீ மிதிப்பாய், நான் பின்னால் இருப்பேன். பாலத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை நான் மிதிப்பேன். நீ அப்பாவைப் போல நெட்டை, நான் அம்மாவைப் போலக் குட்டை. அதனால் அப்பா சீட்டுக் கம்பியில் அரத்தால் இரண்டு கோடு போட்டார், உனக்கொன்று, எனக்கொன்று. தினமும் பாலத்தில் இறங்கி, ஸ்பேனரை எடுத்து, சீட்டை உன் கோட்டிலிருந்து என் கோட்டுக்கு இறக்கினோம்.

ஒரு மாதத்தில் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தெனம் திருகுனா புரி தேஞ்சிரும்டி. ரெண்டு பேரும் நடுவுல வச்சுக்கங்க" என்று சொல்லி, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோட்டைப் போட்டார். ஸ்பேனர் உன் பொறுப்பாயிற்று.

அந்த நடு உயரம் இரண்டு பேருக்குமே பொருந்தவில்லை. எனக்குப் பெடல் கீழே போகும்போதெல்லாம் கால்விரல் நுனிதான் எட்டும். இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மிதிப்பேன். உனக்கு முழங்கால் ஹேண்டில் வரை மடங்கி வரும். பையன்கள் உனக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

"நடுவுன்னு சொல்லிட்டு ஒனக்கு வசதியாத்தானே வச்சிருக்கே?" என்று தினமும் உன்னோடு சண்டை பிடிப்பேன்.

"ஆமாடி, நான் சுயநலக்காரி. பேசாம மிதி."

மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும் என்று சொல்லி, சீட்டுக் கம்பியைச் சுற்றிப் பழைய ட்யூப் ஒன்றை இறுக்கிக் கட்டிவைத்தாய். அப்புறம் அந்தக் கோடுகளை யாரும் பார்க்கவில்லை.

சரி, என் சைக்கிளுக்கு வருகிறேன். புளத்கொகுபிட்டிய டவுனில் ஸவாஹிர் நாநாவின் சைக்கிள் கடைக்குப் போனேன். எல்லாச் சைக்கிளும் ஒன்றுதான், மற்றதெல்லாம் வியாபாரப் பேச்சு என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவரோ என் கையில் அளவு நாடாவைக் கொடுத்தார். "காலுட உள்ளளவு வேணும் டீச்சர். நீங்களே அளந்து செல்லுங்க, நான் அங்கால பாத்துட்டு நிக்கிறேன்" என்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார், அத்தனை மரியாதையாக. அளவைச் சொன்னதும் ஒரு நீலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது ஸ்கூல் பிள்ளைங்க ஓட்டுறதுதானே, நாநா?"

"வயசுக்கு ஃப்ரேம் இல்ல டீச்சர். காலுக்குத்தான்."

அக்கா, ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தேன். பெடல் கீழே போனது. என் பாதமும் முழுதாக அதோடு போனது. நான் ஒன்றும் செய்யவில்லை, இடுப்பு தன் பாட்டில் இருந்தது. பிரேக் என் சின்ன விரல்களுக்குள் அடங்கியது. நிறுத்தினால் இரண்டு காலும் நிலத்தில் நின்றன. இத்தனை காலமும் சைக்கிள் ஓட்டுவது என்று நான் நினைத்திருந்தது சைக்கிளோடு போட்ட மல்லுக்கட்டு.

இப்போது தினமும் விடிந்ததும் கிளம்பிவிடுகிறேன். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருப்பார்கள். பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எதிரே வரும். இறக்கத்தில் சட்டைக்குள் காற்றுப் புகுந்து உப்பும்போது, கம்பஸ் போய்ப் பட்டம் வாங்கி வந்த, முகத்தைச் சுளித்தபடியே பழகிய இந்த டீச்சர், யாரும் இல்லாத இடம் பார்த்துச் சத்தமாகச் சிரிக்கிறாள். முந்தாநாள் தேத்தண்ணிக்கடை முதலாளி பார்த்துவிட்டார்.

"மிஸ், அலுத் பைசிகலயக்!" என்று சிங்களத்தில் கத்தினார். புதுச் சைக்கிளாம், கண்டுபிடித்துவிட்டார்.

"மகே சைஸ் எக!" என்று நானும் கத்தினேன். என்னுடைய சைஸ். அந்த மனுசனுக்கு என்ன விளங்கியதோ.

இந்தச் சந்தோஷத்துக்கு உன் மகள்தான் வேட்டு வைக்கப் பார்த்தாள். தர்ஷி இப்போது என்னோடுதான் இருக்கிறாள், டவுனில் ஒரு பார்மசியில் வேலை. உன்னைப் போலவே நெட்டை. போன வாரம் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"சித்தி, பஸ் தெனமும் லேட். சைக்கிள நானும் எடுத்துட்டுப் போகவா? சீட்ட நடுவுல வச்சுக்குவோமே."

நடுவுல. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கால்விரல்கள் தானாகவே நீண்டன. தாயில்லாத பிள்ளை கேட்கிறாள், கொடுக்க வேண்டியதுதானே? கொடுக்க மனம் வரவில்லை, அக்கா. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு அளவாக ஒன்று கிடைத்திருக்கிறது. "ஒங்கம்மா சைக்கிள் மாட்டுப்பட்டியில சும்மாத்தானே கெடக்கு, அத ரிப்பேர் பண்ணுவோம்" என்று சொல்லித் தப்பித்தேன். பாசத்தில் சொன்னேன் என்று அவள் நினைத்துக் கண்கலங்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு, அத்தான் வீட்டுக்குப் போனோம். உன் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் ஓட்டாமல் கிடந்த நம் பச்சைச் சைக்கிளை அத்தான் வெளியே இழுத்துப் போட்டார். தர்ஷிக்குச் சீட்டை உயர்த்த வேண்டுமென்று, நீ கட்டிய ட்யூபை நான்தான் அறுத்தேன்.

நடுக்கோடு குழாயின் விளிம்பில் நிற்க வேண்டும், இல்லையா? அதைக் காணவில்லை, குழாய்க்குள் இறங்கியிருந்தது; மேலே தெரிந்த என் கோட்டை வைத்துக் கணக்குப் பார்த்தால், இரண்டு விரல் ஆழத்தில். அதாவது, சீட் நடுவில் இருக்கவேயில்லை. என் பக்கமாக இறங்கியிருந்தது.

நான் உடனே நம்பிவிடுகிறவளா? பாரத்தில் காலப்போக்கில் இறங்கியிருக்கலாம் என்றேன். தர்ஷி குனிந்து பார்த்தாள். "இல்ல சித்தி, இங்க இன்னொரு கோடு இருக்கு. அரத்தால போட்டதில்ல, ஊசி மாதிரி எதாலயோ கீறியிருக்கு." சரியாக விளிம்பில், மெல்லிசாக, நாலாவது கோடு. ஒன்பதாம் வகுப்பில் வட்டம் வரைகிற என் கவராயத்தின் முனை ஏன் மழுங்கிப்போனது என்று எனக்கு அப்போது விளங்கியது. அது பக்கத்து மேசைக்காரியின் வேலை என்று நினைத்து, அவளோடு ஒரு பள்ளித் தவணை முழுக்கப் பேசாமல் இருந்தேன்.

அந்த இரண்டு விரலுக்காகத்தான் உன் முழங்கால் அவ்வளவு மடங்கியதா? அதற்காகத்தான் வெட்டுக்கிளியா? ஏன் சொல்லவில்லை? எதையும் நம்பாத நான், நீ சுயநலக்காரி என்று சொன்னதை மட்டும் இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன்.

"ஏன் சித்தி அழுவுறீங்க?"

"துரு கண்ணுல விழுந்திருச்சு. எண்ணெயக் கொண்டா."

அத்தான் தேங்காயெண்ணெய் ஊற்றி, தட்டி, திருகி, கம்பியை மேலே இழுத்தார். உள்ளேயிருந்து முதலில் நடுக்கோடும், அதற்குக் கீழே உன் கோடும் வெளியே வந்தன. உன் கோடு, அப்பா அராவிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, துருவில்லாமல், பளபளவென்று.

டயரும் ஆணியும் மாற்றி ஸவாஹிர் நாநா நேற்றுத்தான் சைக்கிளைக் கொடுத்தார். இன்று காலை தர்ஷி முன்னால் போனாள், நான் பின்னால். முதுகு நிமிர்ந்து, கால் நீண்டு, முழங்கால் எங்கேயும் இடிக்காமல் உன் உயரத்தில் அவள் போனதைப் பார்த்தேன். அந்த உயரத்தில் நீ அதிகம் ஓட்டியதில்லை. எவ்வளவு அழகாக இருந்திருப்பாய்!

"சித்தி, அம்மா சைக்கிள் எனக்கு அளவா இருக்கு!" என்று பாலத்தில் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். நாங்கள் பாலத்தில் இறங்கவில்லை, அக்கா. அப்படியே போனோம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் வீட்டில் இனி யாரும் நடுக்கோட்டில் ஓட்ட மாட்டார்கள். தர்ஷி எனக்காக எதையாவது இரண்டு விரல் இறக்கிவைத்துவிட்டுச் சும்மா இருக்கிறாளா என்று ட்யூபை அவிழ்த்து அவிழ்த்துப் பார்ப்பேன்.

இப்போது பெடலுக்குக் கால் நன்றாக எட்டுகிற,
உன் தங்கச்சி